தடங்கலுக்கு வருந்துகிறோம்: சென்னைத் தொலைக்காட்சி எப்படி ஓடியது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் 'ம்ம்'களையும் வெட்டியிருக்கிறோம். மற்றபடி பேசினது பேசினபடி.)

இந்த வாரம் டிவி. ஓடிடி கிடையாது, ஸ்மார்ட் டிவி கிடையாது. மொட்டை மாடில அலுமினிய ஆன்டெனா, காக்கா வந்து உட்கார்ந்தா படம் ஆடும், ஒருத்தர் மேல நின்னு திருப்ப, இன்னொருத்தர் கீழ இருந்து "இப்ப தெரியுது, இப்ப போச்சு"ன்னு கத்துவாங்க. அந்த டிவி.

நம்ம வயசுக்காரங்க பலருக்கு இது அம்மா அப்பா சொன்ன கதைதான். ஆனா அவங்க யார்கிட்ட கேட்டாலும் ஒரு விஷயம் தவறாம வரும்: "தடங்கலுக்கு வருந்துகிறோம்". படம் நல்லா போய்ட்டு இருக்கும்போது திடீர்னு திரைல ஒரு அட்டை. பின்னாடி வீணையோ நாதஸ்வரமோ ஓடும். எப்ப திரும்பி வரும்னு யாருக்கும் தெரியாது. டெவலப்பர் மக்களுக்கு உடனே புரியும், இது ஒரு 503 எரர் பேஜ். சர்வர் இருக்கு, இப்ப பதில் சொல்ல முடியல.

நம்ம ஊர்ல ஒரு சர்வர் விழுந்தா போஸ்ட்மார்ட்டம் எழுதுவோம் இல்லையா? எங்க உடைஞ்சது, ஏன் உடைஞ்சதுன்னு. அதையே இந்த அட்டைக்குப் பண்ணலாம்னு தோணுச்சு. சென்னைத் தொலைக்காட்சி நிலையத்துல கேமராவுல இருந்து உங்க வீட்டு டிவி வரைக்கும் ஒரு சங்கிலி இருக்கு. எந்தெந்தக் கண்ணி அறுந்தா அந்த அட்டை வரும்? அதைத் தேடிப் போனா நிலையத்தோட வரலாறும் கூடவே வந்துடுது.

முதல்ல தேதிகள். இந்தியாவில் டிவி 1959 செப்டம்பர் 15-ல் டெல்லியில் சோதனை முறையில ஆரம்பிச்சது. மும்பைக்கு 1972. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15. அதாவது எமர்ஜென்சி அறிவிச்சு ரெண்டு மாசம்கூட ஆகல. அப்ப டிவி ஆல் இந்தியா ரேடியோவோட ஒரு பிரிவுதான். தூர்தர்ஷன் தனி அமைப்பா பிரிஞ்சது 1976 ஏப்ரல் 1. நிலையம் சேப்பாக்கம் பக்கம், சுவாமி சிவானந்தா சாலையில். இப்பவும் அங்கேதான் இருக்கு. கடற்கரைக்குப் போற வழியில பார்த்திருப்பீங்க.

64 மைக்ரோ செகண்ட்

ஸ்டுடியோக்குள்ள போவோம். மூணு கேமரா இருக்குன்னு வெச்சுக்குங்க. செய்தி வாசிக்கிறவர் மேல ஒண்ணு, விருந்தினர் மேல ஒண்ணு, ரெண்டு பேரையும் சேர்த்து ஒண்ணு. கண்ட்ரோல் ரூம்ல ஒருத்தர் விஷன் மிக்சர் பட்டனைத் தட்டி ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்துறார். ரொம்ப சிம்பிளா தெரியுது, இல்லையா?

அப்ப இந்தியா பயன்படுத்தின முறைல ஒரு படத்துக்கு 625 கோடுகள், விநாடிக்கு 25 படங்கள். பெருக்கிப் பாருங்க: விநாடிக்கு 15,625 கோடுகள். ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ செகண்ட். இதுல நாம மறக்கக் கூடாத விஷயம், டிவி பெட்டிக்கு மெமரியே கிடையாது. பஃபர் இல்ல. கேமரா இந்தக் கணம் எந்தக் கோட்டை வாசிக்குதோ, கிட்டத்தட்ட அதே கணத்துல உங்க வீட்டு பிக்சர் ட்யூப்ல எலக்ட்ரான் கற்றை அதே கோட்டை வரையுது. வில்லிவாக்கத்துல இருக்கற ஒரு பெட்டியும் சேப்பாக்கத்துல இருக்கற ஒரு கேமராவும் ஒரே தாளத்துல ஓடுது.

அப்படின்னா மூணு கேமராவும் தங்களுக்குள்ள அதே தாளத்துல இருக்கணும். ஒண்ணு 200-வது கோட்டுல இருக்கும்போது இன்னொண்ணு 450-ல இருந்தா, பட்டனைத் தட்டின உடனே வீட்ல படம் உருளும். அதனால நிலையத்துல ஒரே ஒரு சிங்க் பல்ஸ் ஜெனரேட்டர் இருக்கும். எல்லாக் கேமராவும் எல்லா இயந்திரமும் அதைக் கேட்டுத்தான் ஓடணும். கச்சேரில சுருதிப்பெட்டி மாதிரி. இன்னிக்கு டிஸ்ட்ரிப்யூட்டட் சிஸ்டம்ஸ்ல கடிகாரத்தை ஒத்துப்போக வைக்க நாம படற பாட்டை, இவங்க ஒரு கேபிள் இழுத்துத் தீர்த்துட்டாங்க. அந்தப் பெட்டி படுத்தா மொத்த நிலையமும் படுக்கும். அதனால ரெண்டு வெச்சிருப்பாங்க, ஒண்ணு ஓடும், இன்னொண்ணு காத்திருக்கும்.

வெளியில இருந்து வர்ற படம்தான் தலைவலி. ஸ்டேடியத்துல இருக்கற ஓ.பி. வேனுக்குத் தனி கடிகாரம். நிலையத்தோட கடிகாரத்துக்கு அதை ஒத்துப்போக வைக்கணும். படத்தையே ஒரு ஃப்ரேம் பிடிச்சு வெச்சு, தாளம் பார்த்து வெளியே விடற டிஜிட்டல் கருவி பின்னாடிதான் வந்தது.

எம்.ஜி.ஆர். படம் ஏன் 6 நிமிஷம் சின்னதாச்சு

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்படம். இதைப் பத்தி வீட்ல பெரியவங்களைக் கேட்டா ஒரு மணி நேரம் பேசுவாங்க. டிவி இருந்த வீட்ல தெருவே உட்கார்ந்திருக்கும்.

இந்தப் படம் எப்படி டிவிக்குப் போகுது? டெலிசினின்னு ஒரு கருவி. ஒரு புரொஜக்டரையும் ஒரு டிவி கேமராவையும் நேருக்கு நேர் வெச்ச மாதிரி. சினிமா விநாடிக்கு 24 ஃப்ரேம். டிவி 25. அந்த ஒண்ணை எங்க இருந்து கொண்டு வர்றது? கொண்டு வரல. ஃபிலிமையே கொஞ்சம் வேகமா, விநாடிக்கு 25 ஃப்ரேமா ஓட்டிட்டாங்க. அவ்வளவுதான்.

4 சதவீத வேகம் கண்ணுக்குத் தெரியாது. ஆனா 150 நிமிஷப் படம் 144 நிமிஷத்துல முடிஞ்சுடும். பாட்டோட சுருதி கிட்டத்தட்ட முக்கால் அரைச்சுரம் மேல ஏறிடும். ஞாயிற்றுக்கிழமை டிவில கேட்ட டி.எம்.எஸ். குரல், ரெக்கார்டுல கேட்ட குரலை விட உண்மையிலேயே ஒரு இழை உயரம். யாராவது அப்ப ஆர்மோனியப் பெட்டியோட டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தா குழம்பியிருப்பாங்க.

வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பாட்டுகளும் ஃபிலிம்ல இருந்து வந்த வரைக்கும் இதே கதைதான்.

அட்டைக்கு வருவோம். ஃபிலிம் பல தியேட்டர்கள்ல ஓடித் தேய்ஞ்சது. ஒட்டுப் போட்ட இடத்துல பிய்யும். பிய்ஞ்சா, எடுத்து ஒட்டி, திரும்ப மாட்டுற வரைக்கும் அட்டை. வீடியோ டேப்லயும் இதே மாதிரி ஒரு சிக்கல். பட்டனைத் தட்டின உடனே டேப் சரியான வேகத்துக்கு வராது, சில விநாடி ஓடி நிலைப்படணும். அதனால "ரோல்"னு சொல்ற ஆள் இந்த நிகழ்ச்சி முடியறதுக்குச் சில விநாடி முன்னாடியே சொல்லணும். தாமதமா சொன்னா அந்த இடைவெளி தமிழ்நாட்டுக்கே தெரியும். ரீட்ரை கிடையாது.

எந்த நேரத்துல எந்த வகை நிகழ்ச்சின்னு சொல்ற அட்டவணைக்கு ஃபிக்ஸ்டு பாயின்ட் சார்ட்னு பேரு, ரேடியோக்காரங்க வெச்ச பேரு. அதுக்குள்ளதான் 'வயலும் வாழ்வும்' வரும், நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்ற 'எதிரொலி' வரும், ஷோபனா ரவி செய்தி வாசிப்பாங்க. 'எதிரொலி' எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐடியா. போஸ்ட் கார்டுல பயனர் ஃபீட்பேக் வாங்கி, நிலையத்துக்காரங்களே கேமரா முன்னாடி உட்கார்ந்து பதில் சொல்றாங்க. இன்னிக்கு எந்த ஆப் கம்பெனி இதைச் செய்யும்?

பூமி உருண்டைங்கறதுதான் பிரச்சினை

இப்ப சங்கிலியோட பெரிய கண்ணி: டவர்.

டிவி அலைகள் நேர்கோட்டுல போகும். பூமி வளையுது. அதனால டவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம்தான். இதுக்கு ஒரு கைக்கணக்கு இருக்கு: உயரத்தை மீட்டர்ல எடுத்து, வர்க்கமூலம் கண்டுபிடிச்சு, 4.12-ஆல பெருக்கினா, எத்தனை கிலோமீட்டர்னு வரும். 150 மீட்டர் டவர்னு வெச்சுக்குவோம். சுமார் 50 கிலோமீட்டர். உங்க வீட்டு ஆன்டெனா 10 மீட்டர் உயரத்துல இருந்தா அதுக்கு ஒரு 13. மொத்தம் 63.

மேப்ல சேப்பாக்கத்தை மையமா வெச்சு ஒரு வட்டம் போடுங்க. செங்கல்பட்டு உள்ள வரும். காஞ்சிபுரம் விளிம்பைத் தாண்டிடும், அங்க ஆன்டெனாவை இன்னும் தூக்கி, பூஸ்டர் போட்டுப் புள்ளி மழைக்கு நடுவுல பார்க்கணும். மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் வாய்ப்பே இல்ல. 'சென்னைத் தொலைக்காட்சி'ங்கற பேர் சும்மா வெச்சதில்ல. முதல் சில வருஷங்களுக்கு அது நிஜமாவே ஒரு நகரத்தோட டிவி.

தென் கடற்கரைல இன்னொரு கதை. இலங்கையோட ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15-ல் ஆரம்பிச்சது. அவங்க டிரான்ஸ்மிட்டர் வெச்ச இடம் பிதுருதலகல, இலங்கையோட உயரமான மலை, 2,524 மீட்டர். நம்ம கைக்கணக்குல போட்டா 207 கிலோமீட்டர். தூத்துக்குடி அதையும் தாண்டி இருக்கு. ஆனா கடல் மேல சில நாள்ல சூடான காத்து மேலயும் குளிர்ந்த காத்து கீழயும் அடுக்கி நிக்கும். அந்த அடுக்குக்குள்ள அலை சிக்கி, குழாய்க்குள்ள போற மாதிரி வளைஞ்சு போகும். அதான் "நேத்து கண்ணாடி மாதிரி தெரிஞ்சுது, இன்னிக்கு ஒண்ணுமே இல்ல". தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் உயரமான கம்பத்துல ஆன்டெனா கட்டி ரூபவாஹினி பார்த்த தலைமுறை ஒண்ணு இருக்கு. சேப்பாக்கத்து டிவி எட்டாத ஊருக்குக் கடல் கடந்து கொழும்பு டிவி வந்தது. அப்புறம் கொடைக்கானல் மலைல பெரிய டிரான்ஸ்மிட்டர் வந்த பிறகு நம்ம நிலையமும் மலை உயரத்தோட பலனை அனுபவிச்சது.

செயற்கைக்கோள்ல முதல்ல ஏறினது யாரு?

1982 ஆகஸ்ட் 15-ல் தேசிய ஒளிபரப்பு தொடங்குது. டெல்லில இருந்து ஒரே நிகழ்ச்சி நாடு முழுக்க. அதே வருஷம் நவம்பர்ல ஆசிய விளையாட்டுப் போட்டி, கலர்ல. அந்த வருஷம் ஏவின இன்சாட்-1ஏ சில மாசத்துலயே செயலிழந்தது. 1983 ஆகஸ்ட்ல போன இன்சாட்-1பி தான் நின்னு வேலை செஞ்சது.

1984-ல் நடந்தது இன்னும் பெரிசு. நாளுக்கு ஒரு டிரான்ஸ்மிட்டர்ங்கற வேகத்துல நாடு முழுக்க சின்னச் சின்ன ரிலே நிலையங்கள் திறந்தாங்க. பெரும்பாலும் 100 வாட், அதாவது ரெண்டு சீலிங் ஃபேன் இழுக்கற அளவு சக்தி. சுத்துவட்டாரத்துக்குப் போதும். ஒரு டிஷ், ஒரு டிரான்ஸ்மிட்டர், ஒரு கம்பம். ஸ்டுடியோ கிடையாது. மேல இருந்து வர்றதை அப்படியே கீழ கொட்டும்.

இங்கதான் என் பார்வைல இந்தக் கதையோட முடிச்சு. மேல இருந்து வந்தது டெல்லி. ரிலே நிலையம் இருக்கற மாவட்டத்துக்கு டிவி வந்துடுச்சு, ஆனா தன் மாநிலத் தலைநகர்ல தயாராகற தமிழ் நிகழ்ச்சி அங்க தெரியணும்னா, சேப்பாக்கத்துல இருந்து அந்த ஊர் வரைக்கும் மைக்ரோவேவ் இணைப்பு வரணும், இல்லைன்னா சென்னைக்கும் செயற்கைக்கோள்ல இடம் கிடைக்கணும். ஆர்க்கிடெக்சர் முடிவு ஒண்ணு, ஒரு வீட்டுக்கு எந்த மொழி வரும்னு தீர்மானிக்குது. இதை யாரும் கெட்ட எண்ணத்தோட செஞ்சாங்கன்னு நான் சொல்ல வரல. நடுவுல ஒண்ணு, சுத்தி எல்லாம் அதோட காப்பின்னு வடிவமைச்சா, ஓரத்துல இருக்கறவங்க குரல் கடைசியாதான் ஏறும். மாநில மொழிச் சேவைக்குத் தனி செயற்கைக்கோள் சேனல்னு ஆனது 90-களில். அதுதான் பின்னாடி பொதிகை, 2024 ஜனவரி 19-ல் இருந்து டிடி தமிழ்.

செயற்கைக்கோள் வந்ததும் அட்டைக்குப் புதுக் காரணமும் வந்தது: சூரியன். மார்ச் மாசம் நடுவுலயும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்துலயும், பகல்ல சில நிமிஷம், நம்ம டிஷ்ஷுக்கும் செயற்கைக்கோளுக்கும் நேர் பின்னாடி சூரியன் வந்து நிக்கும். சூரியன் எல்லா அலைவரிசைலயும் இரைச்சல் போடற ஆசாமி. அந்த இரைச்சல்ல சிக்னல் மூழ்கிடும். சில நாளைக்குத் தொடர்ந்து நடக்கும், எந்த நிமிஷம்னு முன்னாடியே கணக்குப் போடலாம், தடுக்கத்தான் முடியாது. இன்னிக்கும் நடக்குது.

1993 ஏப்ரல் 14, சன் டிவி. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். ஒரு துணுக்கு மட்டும்: அப்ப தனியார் நிறுவனங்கள் இந்திய மண்ல இருந்து செயற்கைக்கோளுக்கு சிக்னல் ஏத்த அனுமதி இல்ல. தனியார் சேனல்கள் வெளிநாட்டுல இருந்துதான் ஏத்தணும், டேப் விமானத்துல போகும். கேபிள் ஆபரேட்டர்கள் கதை தனி எபிசோட் கேட்கும், அதை அடுத்த முறை வெச்சுக்கலாம்.

டேப்பை அழிச்ச கதை

டிஸ்கார்டுல ஒருத்தர் கேட்டிருந்தாங்க: "1975-85 நிகழ்ச்சிகளை எங்க பார்க்கலாம்?" பெரும்பாலானதை எங்கயும் பார்க்க முடியாது.

நேரலையா போனதுல நிறைய பதிவே ஆகல. பதிவானதும் தங்கல. வீடியோ டேப் அப்ப இறக்குமதிச் சரக்கு, விலை அதிகம். ஒளிபரப்பானதும் அதே டேப்ல அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு பண்ணுவாங்க. நம்ம ஊர் அலட்சியம்னு இதை மட்டம் தட்ட வேண்டாம், உலகம் முழுக்க இதான் பழக்கம். பிபிசியே 'டாக்டர் ஹூ' தொடரோட 60-கள் எபிசோடுகள்ல 90-க்கும் மேல தொலைச்சிருக்கு. ஒளிபரப்பு நிலையத்தைப் பொறுத்தவரை டேப்ங்கறது ஒரு தற்காலிக ஃபோல்டர். தப்பிச்ச டேப்புகளுக்கு வேற ஆபத்து: காந்தப் பூச்சு பிசுபிசுக்கும், பூஞ்சை பிடிக்கும், அதைப் போட்டுப் பார்க்கற யு-மேட்டிக் மெஷினை இப்ப யாரும் தயாரிக்கறதில்ல. பிரசார் பாரதி ஆர்கைவ்ஸ் காப்பாத்தினதைக் கொஞ்சம் கொஞ்சமா யூடியூப்ல போடறாங்க. ஒரு நகரம் பத்து வருஷம் தன்னைப் பத்திப் பேசினதுல மிஞ்சினது எவ்வளவுன்னு அங்க போய்ப் பாருங்க.

டவரை அணைச்சாச்சு

இன்னிக்கு மாடில பழைய ஆன்டெனாவை வெச்சா சேப்பாக்கத்து அனலாக் சிக்னல் கிடைக்காது. 2016-ல் சென்னை உட்பட 16 நகரங்கள்ல டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு கொண்டு வந்தாங்க, அதைப் பிடிக்கற கருவி வாங்கினவங்க சொற்பம். 2022 மார்ச்சுக்குள்ள, முக்கியமான இடங்கள்ல சுமார் 50 மட்டும் விட்டு, மீதி அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை மூடறதுன்னு பிரசார் பாரதி முடிவெடுத்தது. நியாயம்தான். பார்க்கற ஆள் இல்லாம மின்சாரம் எரிக்க முடியாது.

ஆனா எஞ்சினியரா எனக்கு ஒண்ணு உறுத்துது. 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டிய ஹாட்ஸ்டார்ல ஒரே நேரத்துல 5.9 கோடி பேர் பார்த்தாங்க. அது பெரிய எஞ்சினியரிங் சாதனை. ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி ஸ்ட்ரீம், ஆள் கூடக் கூட சர்வர் கூடணும். டவருக்கு அந்தக் கவலையே கிடையாது. பார்க்கறது ஒருத்தரா ஒரு கோடியான்னு டிரான்ஸ்மிட்டருக்குத் தெரியவே தெரியாது. அந்த எண்ணிக்கை அதோட சிஸ்டத்துல ஒரு வேரியபிளாவே இல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னைல பல இடத்துல மொபைல் நெட்வொர்க் படுத்துச்சு. எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே தகவலைத் தேடற ராத்திரிக்கு ஏத்த அமைப்பு அந்தப் பழைய டவர்தான். டிவிக்கு கரென்ட் வேணுமேன்னு கேட்பீங்க, சரிதான்.

அதனாலதான் டி2எம் சோதனையை நான் கவனிச்சுக்கிட்டு இருக்கேன். டைரக்ட் டு மொபைல். சிம் இல்லாம, டேட்டா இல்லாம, டவர்ல இருந்து நேரா போனுக்கு வீடியோ. பிரசார் பாரதியும் ஐஐடி கான்பூரும் சேர்ந்து இதுல வேலை செய்யறாங்க, டெல்லி, நொய்டா, பெங்களூருல சோதனை ஓட்டியிருக்காங்க. போன்ல தனி சிப் வேணும், போன் கம்பெனிகளுக்கு அதுல விருப்பம் இல்ல, விலை ஏறும்னு சொல்றாங்க. ஜெயிக்குமான்னு எனக்கு சந்தேகம்தான். வந்தா அதுக்கும் உயரமான டவர் வேணும், அதே வர்க்கமூலம், அதே 4.12.

கடைசியா ஒரு வேண்டுகோள். 80-கள்ல வி.சி.ஆர். வெச்சிருந்த வீடுகள்ல, கல்யாண கேசட்டுக்கு நடுவுல, டிவில இருந்து பதிவு பண்ண கேசட் கிடைக்க வாய்ப்பு இருக்கு. பரண்ல இருந்தா தூக்கிப் போடாதீங்க. ரீல் மேல வெள்ளையா பொடி மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை, ப்ளேயர்ல போட்டா டேப்பும் போகும் ஹெட்டும் போகும், முதல்ல சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. விளம்பரத்தையும் அறிவிப்பாளர் பேசற இடத்தையும் வெட்டாம முழுசா டிஜிட்டல் பண்ணச் சொல்லுங்க. நடுவுல அந்த அட்டை வந்தா அதையும்தான். கிடைச்சா எங்களுக்கு ஒரு மெயில் தட்டுங்க. அடுத்த வாரம் கேபிள் ஆபரேட்டர்கள்.